கொழும்பு ஈரக்காற்றில் ஒரு ஜப்பானிய மண அங்கியைக் காப்பது

கொழும்பில் பழைய பட்டைக் கெடுப்பது ஈரம்தான். வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் இருப்பது உச்சிகாகே. எடோ காலத்தில் (1603–1868) சாமுராய் குடும்பத்துப் பெண்கள் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொண்ட நீண்ட அங்கி. பிறகு மணப்பெண் உடையானது. சிவப்புப் பட்டில் தங்கக் கொக்குகள், அவ்வளவு அழகு!

முதலில் தங்க இழையைப் பாருங்கள். நம் கூறைச் சேலையின் பழைய சரிகையில் வெள்ளிக் கம்பி இருக்கும். இதிலோ காகிதத்தில் அரக்குப் பூசி, தங்க இலை ஒட்டி, மெல்லிய கீற்றாக வெட்டி நூலில் சுற்றியிருக்கிறார்கள். துணிக்குள் இழுத்தால் கிழிந்துவிடும் என்று, மேலே கிடத்தி வேறு நூலால் தைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே கழுவ வேண்டாம், இஸ்திரிக்கை பிடிக்கவும் வேண்டாம். இது போன்ற கிமோனோ (ஜப்பானிய மரபு உடை) வகை உடைகள் நேரான துண்டுகளால் ஆனவை. தையல் வழியே மடித்தால் தட்டையாகப் படுக்கும். மடிப்புக்குள் பருத்தித் துணியைச் சுருட்டி வையுங்கள், இழை முறியாது.

ஜப்பானில் உடைகளைக் காற்றாட விடும் வழக்கத்துக்கு 'முஷிபோஷி' என்று பெயர். இங்கே அதற்குத் தோது ஜனவரி, பெப்ரவரி. மழையில்லாத நாளில், நண்பகலை ஒட்டி, வெயில் படாத அறையில் இரு கைகளுக்குள்ளும் மூங்கில் கழி செலுத்தித் தொங்கவிடுங்கள். மாலை ஈரம் ஏறுமுன் மடித்துவிடுங்கள்.

அப்புறம், பொலித்தீன் உறை வேண்டவே வேண்டாம். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தால் சரி.