பன்மொழித் தளத்திற்குத் தரவுத்தளம்: 'கோத்தகிரி' தேடலில் சிக்காதது ஏன்?

கேரளத்தாரும் கன்னடத்தாரும் கூடலூர் வழியாக வந்து சேரும் நீலகிரியில், தங்கும் விடுதிகளைப் பட்டியலிடும் தளமொன்றைத் தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மும்மொழிகளில் அமைத்தபோது நான் கடந்த படிகள் இவை. சர்வரும் மென்பொருளும் நிறுவத் தெரியும் என்றே கொள்கிறேன்.

முதற்படி, தரவுத்தள மென்பொருளைத் தேர்வது. மைஎஸ்க்யூஎல் எடுத்தால் எழுத்துத் தொகுதியாக 'யூடிஎஃப்8எம்பி4' என்பதையே தாருங்கள். அதன் பழைய 'யூடிஎஃப்8' ஒரு குறியீட்டுக்கு (எழுத்துக்கோ துணைக்குறிக்கோ யூனிகோடு தரும் எண்) 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் சோதனையில் குறை தெரியாது, விருந்தினர் ஒருவர் எமோஜி இட்ட பிறகே சிக்கல் வெளிப்படும்.

என் தேர்வு போஸ்ட்கிரெஸ். குறியீட்டு எண்படி அடுக்கினால் குறிஞ்சிக்கு முன்பே குன்னூர் வந்துவிடுகிறது. நம் நெடுங்கணக்கிலோ றகரத்துக்குப் பின்தான் னகரம். போஸ்ட்கிரெஸில் தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்னும் ஒப்பீட்டு முறையைக் குறிப்பிட்டால் வரிசை சரியாகிவிடும்.

அட்டவணையில் மொழிக்கொரு நெடுவரிசை சேர்க்காதீர்கள். விடுதி எண், மொழிக்குறி, பெயர், விவரம் எனத் தனி அட்டவணை வைத்தால், நாளை நான்காம் மொழி வந்தாலும் அமைப்பு மாறாது.

என்னை நெடுநேரம் தடுத்து நிறுத்தியது அடுத்த படிதான். பட்டியலில் கண்ணெதிரே இருந்த 'கோத்தகிரி' தேடலில் கிடைக்கவில்லை. 'கோ'வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய கோப்பிலிருந்து வந்த பெயரில் 10 குறியீடுகள், நான் தட்டிய சொல்லில் 9. மேற்சொன்ன ஒப்பீட்டு முறை வரிசையைத் திருத்துமே தவிர இவ்விரண்டையும் சமமாகக் கொள்ளாது. ஆகவே, இத்தகைய இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும், போஸ்ட்கிரெஸ் பதிப்பு 13 முதல் கிடைக்கும் 'நார்மலைஸ்' செயற்கூறை, உள்ளே வரும் உரைக்கு மட்டுமன்றித் தேடும் சொல்லுக்கும் பயன்படுத்துங்கள். முன்பே சேமித்த வரிகளையும் ஒருமுறை அதன் வழியே மாற்றி எழுதுங்கள். மலையாள, கன்னட ஓகாரக் குறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

பின்சேர்க்கை: இதைப் படித்த கூடலூர் வாசகர் ஒருவர், மலையாளச் சொற்கள் சில இன்னும் சிக்கவில்லை என்று எழுதினார். அவர் சொன்னது சரியே. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிரொலி சேராத மெய்யின் தனி வடிவங்கள்) 2008இல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன் அவை மெய்யெழுத்துடன் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி சேர்த்து எழுதப்பட்டன. இவ்விரு வடிவங்களையும் நார்மலைஸ் ஒன்றாக்காது. பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் ஆறு எழுத்துக்கான பதிலீட்டை, சேமிக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.