ஓசோன் நாற்காலியில் உட்காரும் முன்

பல் துலக்கித் துப்பும்போது சிவப்பைப் பார்த்துப் பழகிப்போனவன் நான். இரண்டு வருடம் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஓரிடத்தில், "ஈறில் ஓசோன் வாயுவைப் பாய்ச்சினால் கிருமி செத்துவிடும், வலியே இருக்காது" என்றார்கள். நான்கு முறை போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் பழையபடி ரத்தம். என் பற்களில் கல் போல இறுகிப் படிந்திருந்த அழுக்கை, அதாவது காரையை, அங்கே ஒருவரும் சுரண்டவே இல்லை என்பது வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே முதலில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 வரை இருந்தால் நல்லது. 4, 5 என்று ஏறி, எலும்பும் கரைந்திருந்தால் ஈறு நோய் வேரூன்றிவிட்டது என்று பொருள். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஓசோன் கருவியைக் காட்டுகிறவர் இந்த எண்களைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது சுத்தம். ஈறுக்கு மேலேயும் கீழேயும் உள்ள காரையை எடுத்து வேரின் மேற்பரப்பைச் சுத்தமாக்க வேண்டும். பாக்டீரியாக்கள் அங்கே பிசின் போன்ற படலத்துக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் படலத்தைக் கையாலோ கருவியாலோ கலைக்காமல் வாயுவை மட்டும் ஊதுவது, எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைத் தேய்க்காமல் மேலே தண்ணீர் தெளிப்பது போலத்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகே ஓசோன், அதுவும் உபரியாக. அது மூன்று வடிவத்தில் வரும்: வாயு, ஓசோன் கலந்த நீர், ஓசோன் ஏற்றிய ஆலிவ் எண்ணெய். ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அந்தக் கூட்டு நிலையில்லாதது. உடைந்து ஆக்சிஜனாக மாறும்போது கிருமியின் மேலுறையைத் தாக்குகிறது. அந்த நிலையாமை காரணமாகவே ஓசோன் நீரைத் தயாரித்தவுடன் பயன்படுத்த வேண்டும். காலையில் நிரப்பி வைத்த குப்பியை மாலையில் எடுத்தால் அது வெறும் தண்ணீர். எண்ணெய் மட்டும் குளிர்ச்சியில் பல நாள் தாங்கும். ஆய்வுகளின் முடிவும் ஒரே மாதிரி இல்லை. வேரைச் சுத்தம் செய்வதோடு ஓசோனைச் சேர்த்தபோது சிலவற்றில் சிறு கூடுதல் பலன் தெரிந்தது. சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

மூக்கைக் கூர்மையாக வைத்திருங்கள். 1840இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இந்த வாயுவுக்குப் பெயர் வைத்ததே 'மணத்தல்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான். மின்னல் வெட்டிய பிறகு வரும் காரமான வாடை அது. நுரையீரலுக்கு ஓசோன் நஞ்சு. வாயுவாகக் கொடுக்கிறார்கள் என்றால் பல்லைச் சுற்றி இறுக்கமான மூடி இருக்க வேண்டும், பக்கத்தில் உறிஞ்சுகுழாய் ஓட வேண்டும். வாடை அடித்தால் தயங்காமல் கையைத் தூக்குங்கள். சற்று நேரத்தில் மூக்கு மரத்துப்போகும் என்பதால், வாடை நின்றதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஜி6பிடி நொதிக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) உள்ளவர்கள், தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கென்று விற்கும் ஓசோன் கருவிகளை வாய்ப்பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சுவாரசியமற்ற வேலை: தினமும் இரண்டு வேளை துலக்குவது, பல் இடுக்குகளில் சின்ன பிரஷ் விடுவது. புகைப்பதும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் எந்தச் சிகிச்சையையும் தோற்கடித்துவிடும். நான் சிகரெட்டை விட்டது அந்தத் தாளில் இருந்த ஒரு 7ஐப் பார்த்து.

சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கம்பி, அதே ஆறு இடங்கள். என்னுடைய 5கள் பெரும்பாலும் 3க்கு இறங்கியிருந்தன. இந்த முறை சுத்தத்தோடு ஓசோன் நீரும் சேர்ந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கீழ்க் கடைவாயில் அந்த 7 மட்டும் 6இல் நின்றுவிட்டது. "இன்னும் ஓசோன் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். மருத்துவர் தலையசைத்து மறுத்துவிட்டு, ஈறைத் திறந்து சுத்தம் செய்ய அடுத்த வாரம் நாள் குறித்தார்.