வளையும் கார்டில் விரலின் அழுத்தத்தை மட்டும் அளப்பது எப்படி?

விரல் அழுத்தும் விதத்தை வைத்து உரியவரை அடையாளம் காண, ஸ்மார்ட்கார்டுக்கு அழுத்த சென்சார் செய்வதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் கார்டு லேசாக வளைந்தாலே விரல் பட்டதாக அது சொல்லும். அதைத் தடுப்பதில்தான் என் நேரம் முக்கால்வாசி போகிறது.

கையால் செய்யும் சென்சார் ரேகை படிக்காது. அதற்கு அங்குலத்துக்கு 500 புள்ளிகள், அதாவது சுமார் 50 மைக்ரானுக்கு ஒன்று வேண்டும். நாம் பிடிக்கப்போவது அழுத்தும் பழக்கத்தை: விசை எப்படி ஏறுகிறது, எங்கே உச்சம், எப்போது விடுகிறீர்கள்.

கார்டின் தடிமன் 0.76 மி.மீ.; வெலோஸ்டாட் (அழுத்தினால் மின்தடை குறையும் பிளாஸ்டிக்) ஷீட் சுமார் 0.1 மி.மீ. அதை இரண்டு காப்பர் டேப் துண்டுகளுக்கு நடுவே வையுங்கள். சுற்றிலும் காப்பரைவிடச் சற்றே பெரிதாக வெட்டாவிட்டால் ஓரத்தில் ஷார்ட் ஆகும். சால்டரிங்கை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஹாட் லேமினேஷன் வேண்டாம்; வெலோஸ்டாட் வெறும் பிளாஸ்டிக், உருகிவிடும்.

இனி இடம். வளையும்போது கார்டின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருங்கும். தடிமனின் நடுவில் இரண்டும் மிகக் குறைவு. சென்சார் அங்கே போகட்டும். அதே அளவில் இன்னொன்றும் செய்து, குறுகிய பக்கத்துக்கு இணையான அதே கோட்டில், விரல் படாத இடத்தில் வையுங்கள். பர்ஸில் கார்டு பெரும்பாலும் நீளவாக்கில் வளைவதால் இரண்டுக்கும் வளைவு ஏறக்குறைய ஒன்றே. விரல் படாமல் கார்டை வளைத்துப் பார்த்து, இரண்டின் எண்களும் பொருந்தும்படி ஒன்றை ஒரு மடங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு கழித்தால் மிஞ்சுவது விரல். இடமில்லை என்று இரண்டாவதை விட்டுவிடுபவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

ஒவ்வொன்றுக்கும் தொடரில் ஒரு ரெசிஸ்டர். அழுத்தாதபோதும் நன்றாக அழுத்தும்போதும் சென்சாரின் ஓம் மதிப்பை அளந்து, பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள்: அதுதான் ரெசிஸ்டரின் மதிப்பு. 50 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் வந்தால் 10 கிலோ ஓம்.

விநாடிக்கு 200 முறை படித்தால் தாராளம். வெலோஸ்டாட்டை அழுத்தியே வைத்திருந்தால் எண் மெல்ல நகரும், விட்டதும் உடனே பழைய நிலைக்கு வராது. அதனால் நேரடி எண்களை நம்பாமல், சில அழுத்தங்களின் உச்ச விகிதங்களையும் இடைவெளிகளையும் ஒப்பிடுங்கள். உரியவரின் அழுத்தத்தை முதலில் பதியும் வேலையை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். பாக்கெட்டில் சூடேறிய கார்டிலும் எடுங்கள்.

பதிந்ததிலிருந்து எவ்வளவு வேறுபாட்டை ஏற்பது என்ற வரம்பை இறுக்கினால் உரியவரே சில சமயம் வெளியே நிற்பார், தளர்த்தினால் அடுத்தவர் நுழைவார். பின் நம்பர் கூடவே இருப்பதால் நான் இறுக்கியே வைப்பேன். பதிந்த அழுத்த மாதிரி கார்டின் சிப்பிலேயே இருக்கட்டும். ரீடருக்கு ஆம், இல்லை என்ற பதில் போனால் போதும்.