அக்னி வர்றதுக்குள்ள கோடையை அனுபவிச்சிருங்க

கோடைன்னாலே எல்லாரும் மே மாசத்தை நெனச்சு இப்பவே புலம்ப ஆரம்பிச்சிடுறாங்க. ஆனா பங்குனியும் சித்திரை முன்பாதியும் இருக்கே, அதாவது மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும், ஊர்ப்பக்கம் இருக்குறவங்களுக்கு வருஷத்துலயே நல்ல நாள் அதான்னு நான் சொல்வேன். மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் தொடங்கிட்டா ஃபேனுக்கு அடியில கெடக்க வேண்டியதுதான். இப்போதைக்கு காலைல ஒம்போதரை வரைக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேல, இந்த ரெண்டு நேரமும் நம்மளுது, நடுவுல உள்ளதை வெயிலுக்கே விட்டுருங்க.

காலைல மொத வேலை பதனி. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் இருந்தா ஏழு மணிக்குள்ள விளைக்கு, அதான் பனந்தோப்புக்கு, போயிருங்க, மரத்துல இருந்து எறக்குன சூட்டோட ஓலைப்பட்டையில வாங்கிக் குடிக்கணும், டம்ளர்ல குடிச்சா அந்த ருசி வராது. கலயத்துல சுண்ணாம்பு தடவித்தான் எறக்குவாங்க, இல்லன்னா புளிச்சு கள்ளாயிரும், அதனால அடியில வெள்ளையா மண்டி நிக்கும், கடைசி வாய கீழ ஊத்திருங்க. பட்டைக்குள்ளயே ரெண்டு நுங்கை நோண்டிப் போட்டுக்கிட்டா டிபனே வேண்டாம். நுங்கு தனியா வாங்குனா "அண்ணாச்சி, எளசா பாத்து வெட்டுங்க"ன்னு சொல்லிட்டு நீங்களும் கண்ணுல கட்டவெரல விட்டுப் பாருங்க, அமுங்கி தண்ணி பீச்சியடிச்சா சரி, வெரலே எறங்கலன்னா கடுக்காய், அதாவது முத்திப்போன நுங்கு, தின்னா வயித்தை வலிக்கும்.

ஏப்ரல்ல வேப்பம்பூ கொட்டும். ராத்திரியே மரத்தடியில பழைய வேட்டிய விரிச்சு ஓரத்துல கல்லு வச்சிருங்க, காலைல அள்ளி காம்பு, எறும்பு எல்லாம் புடைச்சு எடுத்துட்டு காயவச்சா வருஷம் பூரா ரசத்துக்கு ஆச்சு. சித்திரை ஒண்ணு பச்சடிக்கு மட்டும் புதுப்பூ.

தோட்டத்துல ரொம்ப அலட்டிக்காதீங்க. காலைலயே தண்ணி விட்டுருங்க, ஆனா ஓஸ் பைப் வெயில்ல கெடந்திருந்தா மொதல்ல வர்ற தண்ணி கொதிக்கும், கையில புடிச்சுப் பாத்து ஆறுனப்புறம் செடிக்குக் காட்டுங்க. காஞ்ச எல, தேங்கா நார், எது கெடைச்சாலும் தூர்ல ரெண்டு மூணு விரக்கடை மூடாக்கு போட்டா தண்ணி செலவு நல்லாவே கொறையும் (தண்டை ஒட்டிப் போடாதீங்க, அழுகிரும்). மத்தியானம் எல தொங்குதேன்னு பதறி மறுபடி தண்ணி ஊத்துறவங்கதான் செடியக் கொல்றாங்க, வெரல மண்ணுல ஒரு இஞ்சு விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா பேசாம போயிருங்க, சாயங்காலம் அதுவே நிமிந்துரும்.

குண்டுமல்லிக்கு இதான் சீசன். நாலரை மணிக்கு மொட்டு நல்லா வெளுத்து தடிச்சு இருக்கும், அப்பப் பறிச்சுக் கட்டுனா ராத்திரி வீடு பூரா மணக்கும். ஒரு சுத்து பூத்து ஓஞ்சதும் நுனிய லேசா கிள்ளி விடுங்க, பக்கத்துல தளிர் வெடிச்சு மறுபடி மொட்டு வரும்.

நெழல்ல அகலமான மண்சட்டியில தண்ணி வைங்க, நடுவுல குருவி நிக்க ஒரு கல்லு. தவிட்டுக்குருவி வந்தா ஒண்ணா வராது, கூட்டமா எறங்கி கத்திக்கிட்டே குளிச்சு பாதித் தண்ணிய வெளிய எறைச்சிட்டுத்தான் போகும், பாத்துக்கிட்டே ஒரு காப்பி குடிக்கலாம். தண்ணிய தெனம் மாத்தணும், இல்லன்னா கொசு வச்சிரும்.

பம்புசெட்டு குளியல் பத்தி நான் சொல்லவே வேணாம், தோட்டத்துக்காரர்கிட்ட கரண்டு எப்ப வரும்னு கேட்டுட்டுப் போங்க, சோப்புத் தண்ணி வாய்க்கால்ல ஓடாமப் பாத்துக்கங்க, சின்னப்புள்ளைங்களை கெணத்துப் பக்கம் தனியா விட்டுறாதீங்க.

ராத்திரி மொட்டமாடியில படுக்கணும்னா அஞ்சரைக்கே தண்ணி தெளிச்சிருங்க, அப்பத்தான் படுக்கப் போறதுக்குள்ள சூடு எறங்கும். வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில்னா இன்னும் சொகம், ஆனா செருப்ப உதறிட்டுப் போடுங்க, டார்ச் இல்லாம எறங்காதீங்க, குளுமையான எடம் தேடி பாம்பும் தேளும் வர்ற நேரமும் இதான்.