இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றியுள்ள ஈறைக் கிருமித் தொற்றிலிருந்து காப்பது எப்படி?

இம்ப்ளான்ட் என்பது இழந்த பல்லுக்குப் பதிலாகச் செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. அதற்குச் சொத்தை விழாது என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே அதற்கு நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது. இயற்கைப் பல்லைத் தாங்கும் எலும்பு கரையக் காரணமாகும் அதே வகைக் கிருமிகள்தாம் பெரும்பாலும் திருகைச் சுற்றியுள்ள எலும்புக்கும் எமனாகின்றன. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபார்சித்தியா, ட்ரெபோனிமா டென்டிகோலா ஆகிய மூன்று கிருமிகளையும் 1998-இல் ஆய்வாளர்கள் 'சிவப்புத் தொகுதி' என்று வகைப்படுத்தினார்கள். காற்றுப் புகாத இடுக்கே இவற்றுக்கு உகந்தது. பல்லின் மேல் முதலில் படியும் சாதுவான கிருமிகளின் படலம் நாள் கணக்கில் கலையாமல் தடித்த பிறகே இவை அங்கே பெருகும். எனவே அந்தப் படலத்தைத் தினமும் கலைப்பதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி.

இம்ப்ளான்ட் பொருத்துவதற்கு முன்பே எஞ்சியிருக்கும் பற்களின் காரையை நீக்கி, ஈறு நோயைக் குணப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய பல்லின் இடுக்கில் குடியிருக்கும் கிருமிகள் புதிய திருகுக்கு எளிதில் இடம் மாறிவிடும்.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. ஈறின் நார்களும் வேரில் ஊன்றிப் பிடித்திருக்கும். திருகுக்கு அந்த நார்த்திசு இல்லை, ஈறு நார்களும் அதில் ஊன்றாமல் ஒட்டியே செல்கின்றன. ஆகவே உள்ளே இறங்கிய தொற்று வேகமாகப் பரவும், வலியோ பெரும்பாலும் இருக்காது. துலக்கும்போது கசியும் ரத்தமே முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கியிருக்காவிட்டால், முறையான சுத்தத்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எலும்பு கரைந்த பிறகு அதை முழுதாக மீட்பது அரிது.

இங்கேதான் வெற்றிலைச் செல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்து முடிந்தால் தாம்பூலம் என்பது நம் வீடுகளின் மரியாதை. ஆனால் அந்தச் சிவப்புச் சாற்றில் ஈறின் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. புகையிலையும் சேர்ந்தால் நோய் முற்றும் வாய்ப்பு கூடுகிறது. பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்பதால், அடியோடு விட்டுவிடுவதே என் பரிந்துரை. முடியாதவர்கள் இரவில் நன்றாகக் கொப்பளித்துத் துலக்கிய பிறகாவது, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று ஈறைப் பாருங்கள். விரல் நுனியால் ஈறை மெல்ல அழுத்தும்போது ஓரத்தில் சீழ் எட்டிப் பார்த்தால் மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்துச் சிறு அசைவுகளாகக் காலையும் இரவும் துலக்குங்கள். பல்லிடுக்குக்கு இன்டர்டென்டல் பிரஷ் வாங்கும்போது, நடுக்கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். வெறும் கம்பி திருகைக் கீறினால் கிருமி ஒட்டுவது எளிதாகும். ஆட்டுக்கறி நார் சிக்கிக்கொண்டால் குண்டூசியையோ ஈர்க்குச்சியையோ தேடாமல் இதே பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீடித்தால் பல்லில் கறை படியும். மருந்துக்கடையில் நாமாக வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை, பிசின்போல் ஒட்டியிருக்கும் படலத்தைச் சுரண்டி எடுப்பதற்கு ஈடாகாது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இந்த வைத்தியத்தில் சேர்ந்ததே.

பிள்ளைகள் இருக்கும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பல் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள், இம்ப்ளான்ட்டின் நிறுவனம், அளவு ஆகியவை எழுதப்பட்ட அட்டையையும், திருகின் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்திய காலத்தில் எடுத்த எக்ஸ்ரேயையும் மறவாமல் வாங்கி வாருங்கள். உதிரிப்பாகங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பழைய படம் இருந்தால்தான் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று காரைக்குடியில் பார்க்கும் மருத்துவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஈறு நோய் இருந்தவர்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பல் ஆடுவதுபோல் தோன்றினால் அந்தப் பக்கம் மெல்லாமல் உடனே காட்டுங்கள்: செயற்கைப் பல்லைப் பிடிக்கும் சிறு திருகு தளர்ந்திருந்தால் இறுக்கிவிடலாம், எலும்பில் பதிந்த திருகே ஆடினால் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.