கோட்டைச் சுவரில் நிற்காத ஓவியங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையின் மிச்சமாக நிற்கும் பழைய சுவர்களுக்குள் எங்கள் ஓவியங்களை வைத்தோம். ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள், நியாயம்தான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்த கோட்டை அது. மிஞ்சிய காரையில் இன்னொரு துளை வேண்டாம்.

இருபக்கமும் ஒட்டும் நாடாவைப் பயன்படுத்தினோம். மாலையில் ஒட்டினால், விடிவதற்குள் கீழ் வரிசை முழுவதும் தரையில் கிடந்தது. விலை கூடிய நாடா வாங்கினோம், சட்டங்களைக் கழற்றி எடையைக் குறைத்தோம், ஈரத்துணியால் சுவரைத் துடைத்தோம். மூன்று நாள் வீண்.

நான்காம் நாள் காலை, விழுந்த நாடாவைத் திருப்பிப் பார்த்தேன். பசை முழுக்க வெள்ளைத் துகள். நாக்கில் வைத்தால் கரித்தது. உப்பு! காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். வெயில் ஏறினால் மறுபடி படிகமாகிக் காரையை உதிர்க்கும். ஈரத்துணியால் துடைத்து உப்பைக் கரைத்து உள்ளே இறக்கியது நாங்களேதான்.

சுவரை விட்டுவிட்டோம். சவுக்குக் கழிகளை முக்காலிபோலக் கட்டி, அடியில் மணல் மூட்டை வைத்து, அவற்றில் படங்களை மாட்டினோம். சுவருக்கும் படத்துக்கும் நான்கு விரல் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒட்டி நிறுத்திய ஒரு படத்தின் பின்னட்டை ஒரே இரவில் நெளிந்துவிட்டது. அதையும் தள்ளி வைத்தபின் கடைசி நாள்வரை ஒன்றும் விழவில்லை. அப்பாடா என்றிருந்தது.