சிறு குழந்தையின் காய்ந்து அரிக்கும் தலையை வீட்டில் கவனிக்கும் முறை

ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை தலையைச் சொறியத் தொடங்கினால், எண்ணெயை ஊறத் தேய்த்து, அரப்பை (தலை தேய்க்கும் இலைத் தூள்) கரைத்து, சூடான வெந்நீரில் தலைக்கு ஊற்றுவது சேலம் வட்டாரத்தில் பல வீடுகளின் வழக்கம். இந்த வைத்தியத்தில் எண்ணெயால் வரும் கெடுதல் குறைவு. சூடும், அழுத்தித் தேய்ப்பதும், உப்புத் தண்ணீரும் சேர்ந்தே ஏற்கெனவே காய்ந்திருக்கும் தோலை மேலும் காய வைக்கின்றன. ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் குளிப்பாட்டும் முறையைத் திருத்துவதே சரியான தொடக்கம்.

முதலில் தலையை நன்றாகப் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் குழந்தையை மடியில் அமர்த்தி, சீப்பின் முனையால் வகிடு வகிடாக முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். மாவு போல வெள்ளையாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் வறட்சி. மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கு, கைக்குழந்தைப் பருவத்தில் வருவது. சில குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வயது வரையும் நீடிக்கும், ஆனால் பொதுவாக அதிகம் அரிக்காது. கன்னத்திலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் சொரசொரப்பும் சிவப்பும் சேர்ந்திருந்தால் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் நோயாக இருக்கலாம். காதின் பின்புறத்தையும் பிடரியையும் தவறாமல் பாருங்கள்: அங்கே முடியோடு ஒட்டி, விரலால் தள்ளினாலும் நகராத வெண்புள்ளிகள் இருந்தால் அவை செதில் அல்ல, பேனின் முட்டையான ஈறு. முடி வட்டமாக உதிர்ந்து, அந்த இடத்தில் கரும்புள்ளிகளாக ஒடிந்த முடி தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும். இதற்குப் பல வாரங்கள் உள்ளே கொடுக்கும் மருந்து வேண்டும். மேலே பூசும் களிம்பு மட்டும் போதாது.

வறட்சிதான் என்று தெரிந்தால், அடுத்தது எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். முன்பு தடவியிராத எண்ணெயாக இருந்தால், முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். உச்சிக்குழி பொதுவாகப் பதினெட்டு மாதத்திற்குள் மூடிவிடும். அதற்குள்ளான குழந்தைக்கு அந்த இடத்தில் அழுத்தாமல் விரல் நுனியால் மெதுவாகத் தடவ வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம் ஊறியபின் மென்மையான தூரிகையால் ஒரே திசையில் வருடினால் தளர்ந்த செதில் தானாக வரும். வராததை நகத்தால் பெயர்க்காதீர்கள். இரவு முழுவதும் எண்ணெயோடு விடுவதும் வேண்டாம். பொருக்குக்குக் காரணமான ஈஸ்ட் வகைக் கிருமி கொழுப்பைத் தின்றே பெருகுகிறது. ஆலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதால் உயர்ந்ததாகிவிடாது. அதில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடியது.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை, பாட்டி சொன்னாலும், குழந்தையின் தலையில் வைக்கவே கூடாது. தடவிய கையைக் குழந்தை வாயில் வைத்துச் சிறிதளவு கற்பூரம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். வேப்பெண்ணெயும் குழந்தையின் வாய்க்குள் போனால் ஆபத்து. எலுமிச்சைச் சாறும் வெங்காயச் சாறும் சொறிந்து புண்ணான தோலில் எரிச்சலையே தரும்.

மூன்றாவதாகத் தலைக்கு ஊற்றுவது. அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்குப் பயந்து ஆவி பறக்கும் நீரில் குளிப்பாட்டத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தச் சூடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுகிறது. நீரை விளாவி, உங்கள் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. குளிரைச் சமாளிக்கக் கதவைச் சாத்தி, துண்டையும் உடையையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து நிமிடத்திற்குள் முடித்துவிடுங்கள்.

சேலம் நகரில் சிக்கல் வேறு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல், வெண்படிவமாகத் தோலில் தங்கி அரிப்பைக் கூட்டுகிறது. முழுக் குளியலுக்கும் காவிரித் தண்ணீர் கிடைக்காத வீடுகளில், கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீராக ஊற்றினால் அந்தப் படிவம் போய்விடும்.

அரப்பு பெரியவர்களின் எண்ணெயை எடுக்க அருமையானது. ஆனால் காய்ந்த குழந்தைத் தலைக்கு அது கடுமை: தூளின் துகள்கள் முடிக்கிடையே தங்கி உறுத்தும், கண்ணில் பட்டால் எரியும். அதற்குப் பதிலாக வாசனை சேர்க்காத குழந்தை ஷாம்பூவைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, உள்ளங்கையிலேயே நீர் விட்டுக் கரைத்துத் தடவி, ஒரு நிமிடத்திற்குள் வழுவழுப்பு நீங்கும் வரை அலசுங்கள். வாரத்தில் இரண்டு முறை போதும். பொடுகுக்காகப் பெரியவர்கள் போடும் ஷாம்பூவை மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குப் போட வேண்டாம்.

துவட்டும்போது துண்டால் தேய்க்காமல், பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தியால் ஒற்றி எடுங்கள். தோலில் சற்றே ஈரம் இருக்கும்போது, மூன்று நிமிடத்திற்குள், வாசனையற்ற மெல்லிய ஈரப்பசை லோஷனை வகிடு பிரித்துத் தோலில் படும்படி தடவுங்கள். முடியின் மேல் பூசுவதால் பயனில்லை. எண்ணெய் இருக்கும் ஈரத்தைக் காக்குமே தவிர, இல்லாத ஈரத்தைத் தராது. சாம்பிராணிப் புகையை விட்டுவிடுங்கள். முடி காய்வதற்கு அது தேவையில்லை, சிறு நுரையீரலுக்கு அது கேடு. கம்பளிக் குல்லா போட வேண்டியிருந்தால் உள்ளே ஒரு பருத்திக் குல்லா இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டி வைத்தால், தூக்கத்தில் சொறிந்தாலும் காயம் ஆகாது.

இரண்டு வாரம் இப்படிக் கவனித்தும் அரிப்புத் தணியாவிட்டாலும், நீர் கசிவு, சீழ், காய்ச்சல், பிடரியில் நெறி கட்டுதல், முடி உதிர்ந்த திட்டு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும். அதற்கிடையில் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் அது உருவம் மாறி, மருத்துவரே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். மருத்துவரிடம் போகும் நாளில் தலையில் எண்ணெய் வைக்காமல் அழைத்துச் செல்லுங்கள். செதிலைச் சுரண்டிச் சோதிக்க வேண்டியிருந்தால் எண்ணெய் அதற்கு இடையூறாகும்.